ஏர்ஃபிக்ஸ் 1/72 போல்டன் பால் டிஃபயன்ட் (1960 அச்சு): ஒரு மதிப்புரை

ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட, போல்டன் பால் டிஃபயன்ட் என்ற இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர்விமானத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் கிட் (ஒட்டிக் கட்டும் பாகங்களின் தொகுதி), அதே நிறுவனம் 2015இல் முற்றிலும் புதிய வார்ப்பு அச்சில் அதே விமானத்தைக் கொண்டுவந்த பிறகும், பழைய கிட்டுகள் கைமாறும் இணையச் சந்தைகளிலும் சேகரிப்பாளர்களின் அலமாரிகளிலும் இன்னும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. அண்மையில் அப்படி ஒரு பெட்டியை வாங்கிக் கட்டி, வர்ணம் பூசி முடித்தேன். வடிவம் பெரும்பாலும் சரி, மேற்பரப்பு தவறு, உட்புறம் ஏறக்குறைய வெறுமை என்பதுதான் இந்தக் கிட்டைப் பற்றிய என் கணிப்பு. இவற்றுள் மேற்பரப்பை உப்புத்தாளால் திருத்திவிடலாம். உட்புறத்தை மூடிய கண்ணாடிக்குள் யாரும் பெரிதாகப் பார்க்கப்போவதில்லை. வடிவம் தவறியிருந்தால்தான் மீட்சியே கிடையாது என்பதால், அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய அச்சில் வடிவம் இந்த அளவுக்குப் பொருந்தியிருப்பதே கட்டுபவருக்குப் பெரிய ஆறுதல்.

கிட்டை மதிப்பிடுவதற்கு முன் விமானத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1937 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்த டிஃபயன்ட், பார்வைக்கு ஹரிக்கேன் என்ற மற்றொரு பிரிட்டிஷ் போர்விமானத்தின் உறவினர் போல இருந்தாலும், முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி ஒன்றுகூட இல்லாத போர்விமானம். விமானிக்குப் பின்னால் இருந்த டரெட் எனும் சுழலும் துப்பாக்கிக் கூண்டில், நான்கு 0.303 அங்குல பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகளோடு ஒரு துப்பாக்கி வீரர் உட்கார்ந்திருந்தார். விமானத்தின் முழுத் தாக்குதல் பலமும் அவர் கையில்தான் இருந்தது. எதிரியின் குண்டுவீச்சு விமானங்கள் துணைக்குப் போர்விமானங்கள் இல்லாமல் வரும், அவற்றின் பக்கவாட்டில் இணையாகப் பறந்து சுட்டு வீழ்த்தலாம் என்ற கணக்கில் உருவான வடிவமைப்பு இது. 1940 மே 29 அன்று பிரான்சின் டன்கிர்க் கடற்கரைக்கு மேலே பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆம் படைப்பிரிவு ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக உரிமை கோரியது. அது மிகைக் கணக்கு என்பது பின்னர் தெரிந்தது. ஜெர்மன் விமானிகள் இதன் பலவீனத்தைப் புரிந்துகொண்டு நேர் எதிரிலிருந்தும் கீழிருந்தும் தாக்கத் தொடங்கிய பின், ஜூலை 19 அன்று 141ஆம் படைப்பிரிவின் ஒன்பது விமானங்களில் ஆறு ஒரே மோதலில் வீழ்த்தப்பட்டன. அதன் பிறகு டிஃபயன்ட் பகல் போரிலிருந்து விலக்கப்பட்டு, கறுப்பு வர்ணம் பூசிய இரவுநேரப் போர்விமானமாக மாறி, அந்த வேலையை மதிக்கத்தக்க அளவில் செய்தது.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு தனிச்சுவை உண்டு. போர்க்காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற நன்கொடைகளுக்காகப் பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று படைப்பிரிவுகள் 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்ற பெயரைத் தாங்கின. டன்கிர்க்கில் டிஃபயன்டுகளோடு சண்டையிட்ட அந்த 264ஆம் படைப்பிரிவின் குறியெழுத்துகளான 'பி.எஸ்.' பொறித்த விமானத்தையே இந்தக் கிட்டிலிருந்து நான் கட்டினேன்.

இனி கிட்டின் வரலாறு. ஹங்கேரியைச் சேர்ந்த நிக்கலஸ் கோவ் 1939இல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ், 1950களில் பிரிட்டனின் வுல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்குப் பாலித்தீன் பையில் மாடல்களை விற்றுப் பெயர் வாங்கியது. டிஃபயன்டும் அந்த மலிவான முதல் வரிசையைச் சேர்ந்ததே. 1981இல் நிறுவனம் நொடித்த பிறகு அச்சுகள் பிரான்சின் கலே நகருக்குப் போயின. 1986இல் ஹம்ப்ரால் நிறுவனத்திடமும், 2006இல் ஹார்ன்பி நிறுவனத்திடமும் கைமாறின. இந்தப் பயணத்தை இங்கே சொல்வதற்குக் காரணம், ஒரே அச்சிலிருந்து வெவ்வேறு காலங்களில் வந்த கிட்டுகளின் தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதுதான். அச்சு தேயத் தேயப் பாகங்களின் ஓரங்களில் பிளாஸ்டிக் பிசிறு அதிகமாகும். பிளாஸ்டிக்கின் நிறமும் கடினமும்கூட மாறும். பொதுவாக, முந்தைய பதிப்புகளில் வார்ப்பு கூர்மையாகவும் டெக்கல் (நனைத்து ஒட்டும் குறிகளின் தாள்) மோசமாகவும் இருக்கும். பிந்தைய பதிப்புகளில் நிலைமை தலைகீழ். எதை வாங்குவது என்று கேட்டால், டெக்கலைத் தனியாக வாங்கிக்கொள்ள முடியும், கூர்மையான வார்ப்பைத் தனியாக வாங்க முடியாது என்பதால் பழைய பெட்டியையே சொல்வேன்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது, பாகங்கள் இணைந்திருக்கும் சட்டங்களை அப்படியே பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவிக் காயவைப்பது. வார்க்கும்போது அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய எண்ணெய்ப் பசை பழைய கிட்டுகளில் படிந்தே இருக்கும். அதன் மேல் வர்ணம் நிற்காது. சுடுநீர் கூடாது, இறக்கை வளைந்துவிடும். ஏற்கெனவே வளைந்திருக்கும் இறக்கையை நிமிர்த்தவும் இதே வெப்பம்தான் உதவும் என்றாலும், அதைக் கையில் பழகிய பிறகே செய்ய வேண்டும்.

காய்ந்த பாகங்களை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தால் இந்தக் கிட்டின் பெருங்குறை கண்ணில் படும். இறக்கை முழுவதும், உடல் முழுவதும், வால் முழுவதும் ரிவெட்டுகள், அதாவது தகடுகளைப் பிணைக்கும் ஆணித்தலைகள். அவை பள்ளமாக அல்லாமல், வரிசை வரிசையாகப் புடைத்து நிற்கின்றன. அக்காலத்து ஏர்ஃபிக்ஸ் கிட்டுகள் எல்லாவற்றுக்கும் உள்ள வழக்கம்தான் இது. வாங்குபவர்கள் அதை நுணுக்கம் என்று விரும்பவும் செய்தார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புடைப்பு உண்மை விமானத்தில் 21 மில்லிமீட்டருக்கும் மேலாக, ஏறக்குறைய ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு வந்து நிற்கும். அதிலும் டிஃபயன்ட் போன்ற ஒரு விமானத்துக்கு இது இரட்டை அநியாயம். போல்டன் பால் தொழிற்சாலையில் உலோகத் தகடுகளைத் தட்டையாக வைத்தே உட்சட்டங்களோடு ரிவெட் அடித்து, தலைகள் தகட்டோடு சமமாக இருக்கும்படி செய்து, அதன் பிறகே விமானத்தில் பொருத்தினார்கள். அதன் வழவழப்பான மேற்பரப்பு அன்று பேசப்பட்ட சிறப்பு. அந்த விமானத்தைப் பொம்மையாக்கும்போது முள்ளங்கி பறித்துவிட்ட வயல் மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்று சலித்துக்கொண்டாலும், கையிலிருக்கும் உப்புத்தாள் அதற்கு மருந்து.

600 எண் நீர்த்தாளை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) சிறிய மரக்கட்டையில் சுற்றி, தண்ணீரில் நனைத்து, இறக்கையின் நீளவாக்கில் அழுத்தாமல் தேய்க்க வேண்டும். பிறகு 1000, 1500 எனப் போய் மெருகேற்ற வேண்டும். தேய்க்கத் தேய்க்கப் புடைப்பு மறைந்து, அதன் இடத்தில் பிளாஸ்டிக்கில் மங்கலான ஒரு புள்ளி மட்டும் மிஞ்சும் கட்டம் ஒன்று வரும். நான் அங்கேயே நிறுத்திவிட்டேன். பல கட்டுநர்கள் முழுவதும் மழித்துவிட்டு, தகடுகளின் விளிம்பைக் காட்டும் புடைத்த பேனல் கோடுகளையும் அழித்து, ஊசியால் புதிதாகக் கோடு கீறுவார்கள். அதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு என் வணக்கம்; ஆனால் இந்த அளவில், வர்ணப் பூச்சுக்குக் கீழே லேசாகத் தெரியும் கோடும் புள்ளியும் பழைய கிட்டுக்கே உரிய முகம் என்றே கருதுகிறேன். கீறித்தான் ஆக வேண்டும் என்றால், இறக்கையின் அசையும் பகுதிகளையும் சுக்கானையும் பிரிக்கும் கோடுகளை மட்டும், தடித்த லேபிள் டேப்பை அளவுகோலாக ஒட்டிக்கொண்டு கீறினால் போதும். உடலின் மேல் முதுகில் தேய்க்கும்போது கவனம் வேண்டும். அங்கே வளைவு குறுகியது, தட்டையாகிவிட்டால் பக்கவாட்டுத் தோற்றமே கெட்டுவிடும்.

விமானியின் அறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அக்காலத்து முதல் வரிசைக் கிட்டுகளின் வழக்கப்படி, உட்கார ஓர் இருக்கை, உட்கார ஓர் ஆள், அவ்வளவுதான். தடித்த கண்ணாடி மூடிக்கு உள்ளே சாம்பல் பச்சை வர்ணம் பூசி, அட்டைத் துண்டில் ஒரு கருவிப் பலகையும் காகிதப் பட்டையில் தோள்வாரும் செய்து வைத்தால் கண்ணுக்கு நிறைவாகிவிடும்.

உழைப்பைச் செலவிட வேண்டிய இடம் டரெட். இந்த விமானத்தைப் பார்ப்பவர் எவரும் முதலில் அதைத்தான் பார்ப்பார். அது மங்கலாக இருந்தால் மற்ற எல்லாம் வீண். பழைய கிட்டின் ஒளி ஊடுருவும் பாகம் தடிமனாகவும், பல ஆண்டுகள் பெட்டிக்குள் மற்ற பாகங்களோடு உரசியதால் கீறல் விழுந்தும் இருக்கும். 2000 எண் நீர்த்தாளால் தேய்த்து, பிறகு மெருகுப் பசையைப் பருத்தித் துணியில் தொட்டுப் பொறுமையாகத் துடைத்தால், மேற்பரப்பு திரும்பத் தெளிவாகிவிடும். மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் மிச்சமிருக்கும் நுண்கீறல்களும் மறைந்துபோகும். சூப்பர் க்ளூ வகைப் பசையை இதன் அருகிலேயே கொண்டுபோகக் கூடாது, அதன் ஆவி கண்ணாடியை வெண்மையாக்கிவிடும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே போதும், காய்ந்த பின் தெரியவும் தெரியாது.

சட்டங்களுக்கு வர்ணம் பூசுவதில் நேரடியாகத் தூரிகையால் கோடு இழுப்பது கை நடுங்காதவர்களுக்கு மட்டுமே. எனக்குச் சரிவந்த வழி, மாஸ்கிங் டேப்பில் முதலிலேயே வர்ணம் பூசிக் காயவைத்து, உலோக அளவுகோலை வைத்துப் புதிய பிளேடால் மெல்லிய இழைகளாக வெட்டி, ஒவ்வோர் இழையையும் சாமணத்தால் தூக்கிச் சட்டத்தின் மேல் ஒட்டுவதுதான். கோணல் வந்தால் பிரித்து எடுத்து மீண்டும் ஒட்டலாம் என்பது இதன் வசதி. துப்பாக்கிக் குழல்களுக்கு, கிட்டில் வரும் பருமனான குச்சிகளை விட்டுவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் 26 கேஜ் ஊசியின் குழாயை வெட்டிப் பொருத்தினேன். அதன் வெளிவிட்டம் 0.46 மில்லிமீட்டர், முனையில் உண்மையான ஓட்டையும் இருக்கிறது. ஊசியை வெட்டும்போது சிறு அரத்தை உருட்டித் தேய்த்து வெட்ட வேண்டும், இடுக்கியால் நறுக்கினால் வாய் நசுங்கிவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்வது கட்டாயம். உண்மை விமானத்தில் டரெட்டின் முன்னும் பின்னும் உள்ள முதுகுப் பகுதிகள், துப்பாக்கிகள் திரும்பும்போது தாமாகத் தாழ்ந்து வழிவிடும். ஆகவே குழல்களைப் பக்கவாட்டில் திருப்பி வைக்க விரும்புவோர், அந்த முதுகையும் வெட்டித் தாழ்த்திக் காட்டியாக வேண்டும். அந்த வேலை வேண்டாம் என்பவர்கள் குழல்களைப் பின்னோக்கிப் படுக்க வைத்துவிடலாம்.

ஒட்டும் வேலையில் வியப்பேதும் இல்லை. நீர் போன்ற மெல்லிய பசையை இணைப்புக் கோட்டில் தூரிகை நுனியால் தொட்டால் அது தானே உள்ளே ஓடிப் பிடித்துக்கொள்ளும். பாகங்களைப் பசையில்லாமல் ஒருமுறை சேர்த்துப் பார்த்துவிட்டே ஒட்ட வேண்டும் என்பது புதிய கிட்டுகளுக்கு அறிவுரை, பழைய கிட்டுகளுக்குச் சட்டம். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் புட்டி தவிர்க்க முடியாதது. இறக்கையின் பின்விளிம்பு தடித்திருக்கும். இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே உட்புறத்தைத் தேய்த்து மெலிதாக்கிக்கொள்வது நல்லது.

கட்டி முடித்த மாடல், இறக்கை முனைக்கு முனை பதினாறரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவும், நீளத்தில் பதினைந்து சென்டிமீட்டருக்கு மிக நெருக்கமாகவும் வரவேண்டும். உண்மை விமானத்தின் 11.99 மீட்டர் அகலத்தையும் 10.77 மீட்டர் நீளத்தையும் 72 ஆல் வகுத்தால் வரும் அளவு அது. வாங்கியவர்கள் தாங்களே அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

வர்ணத்தில் ஒரு தேர்வு செய்தாக வேண்டும். பெட்டிப் படங்களில் டிஃபயன்டைக் கறுப்பாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இரவு விமானமே எளிது, கறுப்பில் தவறும் அதிகம் தெரியாது. இன்று முழுமையாக எஞ்சியிருக்கும் ஒரே டிஃபயன்டும், பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில், போலந்து வீரர்களின் 307ஆம் படைப்பிரிவின் கறுப்பு வர்ணத்தில்தான் நிற்கிறது. ஆனால் டன்கிர்க் காலத்து 264ஆம் படைப்பிரிவு என்றால், மேலே மண் நிறமும் கரும்பச்சையும் கலந்த பட்டைகள், கீழே இடப்பாதி கறுப்பு, வலப்பாதி வெள்ளை. பிரிட்டிஷ் போர்விமானங்களைத் தரையிலிருக்கும் சொந்தப் பீரங்கிப் படையினர் அடையாளம் காண்பதற்காகப் போட்ட இந்த இருவண்ண அடிப்பகுதி 1940 ஜூன் தொடக்கத்தில் நீங்கி, வெளிர் பச்சை கலந்த 'ஸ்கை' நிறம் வந்தது. அதற்கு முந்தைய மே மாதம்தான் உடலின் பக்கவாட்டு வட்டக் குறிக்கு மஞ்சள் வெளிவளையமும், செங்குத்து வாலில் மூவண்ணப் பட்டையும் சேர்ந்தன. ஆக, மஞ்சள் வளையத்தோடு கறுப்பு வெள்ளை வயிறும் ஒன்றாக இருந்தது சில வாரங்களுக்கு மட்டுமே. இந்தக் குறுகிய இடைவெளி விமானத்தைக் கட்டுவதற்கு அதுவே போதுமான காரணம்.

ஹம்ப்ரால் எனாமலில் மண் நிறத்துக்கு 29, கறுப்புக்கு 33, வெள்ளைக்கு 34, உட்புறத்துக்கு 78. கரும்பச்சைக்கு 30 என்பது வழக்கம் என்றாலும் என் கண்ணுக்கு அது நீலம் ஏறியதாகப் படுகிறது. 116 அதைவிடப் பொருத்தம். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் எனாமல் டப்பாக்கள் விமான அஞ்சலில் வராது. உள்ளூரில் கிடைக்காதவர்கள் வல்லேயோ போன்ற நீர் அடிப்படை அக்ரிலிக்கில் இதே நிறங்களைத் தேடிக்கொள்ளலாம். தூரிகையால் பூசுபவர்களுக்கு எனாமல் இன்னமும் மேல், அது மெல்லக் காய்வதால் தூரிகைத் தடங்கள் தாமே படிந்து சமமாகிவிடும். வெள்ளையை முதலில் பூசி, ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, நடுக்கோட்டில் டேப் ஒட்டி, பிறகு கறுப்பைப் பூச வேண்டும். வரிசையை மாற்றினால் வெள்ளையைப் பூசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சென்னை போன்ற கடலோர ஊர்களில், ஐப்பசி கார்த்திகை மழை நாட்களில் மேட் வார்னிஷ் தெளிப்பதைத் தவிர்ப்பது நல்லது. காற்றின் ஈரம் பிடித்து மேற்பரப்பு பூஞ்சை படர்ந்ததுபோல் வெளுத்துவிடும், கறுப்பு வயிற்றில் அது அப்பட்டமாகத் தெரியும்.

பழைய டெக்கல் தாள் மஞ்சளடித்திருந்தால், அதை நெகிழிப் பைக்குள் இட்டு, வெயில் படும் சன்னல் கண்ணாடியில் சில வாரங்கள் ஒட்டிவைத்தால் மஞ்சள் பெருமளவு வெளுத்துவிடும். ஆனால் வெளுத்த டெக்கல் தண்ணீரில் போட்டதும் பொடிப்பொடியாக உடையும் ஆபத்து உண்டு. திரவ டெக்கல் படலத்தை முன்கூட்டியே ஒரு பூச்சு கொடுத்துக் காப்பாற்றலாம், அல்லது தேவையில்லாத ஓர் எண்ணை முதலில் நனைத்துச் சோதிக்கலாம். டன்கிர்க் காலத்துக் குறிகளுக்குத் தனியாக விற்கும் தாளையே நான் பயன்படுத்தினேன். தேய்த்தும் மிஞ்சிய ரிவெட் புள்ளிகளின் மேல் டெக்கல் படிய, மென்மையாக்கும் திரவத்தை இருமுறை தடவ வேண்டியிருந்தது.

2015ஆம் ஆண்டுக் கிட்டோடு ஒப்பிட்டால் பழையது எந்த அளவுகோலிலும் வெல்லாது. புதியதில் பேனல் கோடுகள் உள்வாங்கியவை, கண்ணாடி மெல்லியது, அறைக்குள் பார்க்க ஏதோ இருக்கிறது. முதல் விமானம் கட்டுபவரும், தேய்ப்பதில் பொறுமையில்லாதவரும் அதையே வாங்க வேண்டும். பழையதை, திறக்காத பை என்பதற்காகச் சேகரிப்பாளர் விலை கொடுத்து வாங்கிக் கட்டுவதும் புத்திசாலித்தனம் அல்ல. பை கிழிந்து, பெட்டி நசுங்கி, யாரோ பாதியில் விட்டது என்று மலிவாக வரும் பிரதிதான் கட்டுவதற்கு ஏற்றது. அப்படி வாங்கும்போது பெட்டியின் படத்தையோ சட்டங்களின் படத்தையோ பார்த்துத் திருப்தி அடைந்துவிடாமல், டரெட் கண்ணாடியின் படத்தைத் தனியாகக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இறக்கை உடைந்திருந்தால் ஒட்டலாம், சக்கரம் தொலைந்திருந்தால் வேறு கிட்டிலிருந்து எடுக்கலாம். டரெட் கண்ணாடி விரிசல் விட்டோ காணாமலோ போயிருந்தால், இந்த விமானத்தை வாங்கும் காரணமே போய்விடுகிறது.